24 லட்சம் வரவு, வரி பூஜ்யம்: தனித்தொழில் செய்வோரின் கணக்கு

கோவையில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி நான்கைந்து நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருக்கு வந்த கட்டணம் 24 லட்சம் ரூபாய். வேறு வருமானம் கிடையாது. அவர் கட்டவேண்டிய வருமான வரி எவ்வளவு? ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால், நிறுவனங்கள் பில்லுக்குப் பத்து சதவீதம் பிடித்திருந்தால் அவர் பெயரில் 2.4 லட்சம் ரூபாய் ஏற்கெனவே அரசுக் கஜானாவில் கிடக்கும். போதாக்குறைக்கு, அவர் ஜிஎஸ்டி பதிவும் செய்திருக்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்தத் தலைவலி தெரியாது. வரியைக் கணக்கிட்டு, பிடித்து, கட்டி, கடைசியில் படிவம் 16-ஐக் கையில் கொடுப்பதுவரை அலுவலகத்தின் வேலை. தனியாகத் தொழில் செய்பவருக்கு அந்த அலுவலகமும் அவரேதான்.

வரி பூஜ்யமானதற்குக் காரணம், வருமான வரிச் சட்டத்தில் 2016-இல் சேர்க்கப்பட்ட 44ஏடிஏ பிரிவு. குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் ஆண்டு வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டினால் போதும். மறுபாதி செலவு என்று துறை எடுத்துக்கொள்ளும், அதற்குப் பில் அடுக்க வேண்டியதில்லை. 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். புதிய வரி முறையில் அந்த வருமானத்துக்கு வரும் 60,000 ரூபாய் வரி அப்படியே தள்ளுபடி ஆகிறது. இந்தச் சலுகைக்கான வரவு வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் 75 லட்சம்.

யார் யாருக்கு இது? சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவை சட்டத்திலேயே இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பம், கம்பெனி செக்ரட்டரி, திரைக்கலைஞர் போன்றவை அறிவிக்கை மூலம் சேர்ந்தவை. திரைக்கலைஞர் என்றால் நடிகர் மட்டுமல்ல. இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், பாடகர், பாடலாசிரியர், வசனகர்த்தா, நடன இயக்குநர், ஆடை வடிவமைப்பாளர் என்று கோடம்பாக்கத்தில் பாதிப்பேர் அதில் அடக்கம். அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போகிறவர் பட்டியலில் இல்லை. வரவில் 8 சதவீதத்தையும், வங்கி அல்லது டிஜிட்டல் வழியாக வந்ததில் 6 சதவீதத்தையும் லாபமாகக் கொள்ளும் 44ஏடி பிரிவு தமக்குப் பொருந்துமா என்று அவர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கமிஷனில் பிழைக்கும் காப்பீட்டு முகவருக்கு அந்த வழியும் அடைப்பு.

உண்மையான செலவே பாதிக்கு மேல் போகிறவர்களும் உண்டு. நாலு வரைவாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட் ஒருவர் 30 சதவீதம்தான் லாபம் என்று காட்டலாம். ஆனால், மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகங்களும் தணிக்கையும் கட்டாயம். புதிதாக வாங்கிய கணினியின் விலையையும் ஒரே ஆண்டில் செலவில் தள்ள முடியாது. ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம்தான், 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதி. சிறிய அளவில் தொழில் செய்பவருக்குத் தணிக்கைக் கட்டணமே மிச்சத்தைத் தின்றுவிடக்கூடும்.

இனி, பிடித்த பணம். ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2 சதவீதம். பிடித்தது வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நிறுவனம் பணத்தைக் கட்டவில்லை, அல்லது பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கிறது. ரிட்டன் போடும் நேரத்தில் இதைக் கண்டுபிடித்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவைத் துரத்துவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது மேல்.

மார்ச் மாத பில் தனி வில்லங்கம். நிறுவனம் அதை மார்ச்சிலேயே தன் கணக்கில் ஏற்றி டிடிஎஸ் பிடித்துவிடும். பணம் மே மாதம்தான் வரும். பில் கொடுத்தவர் அதை அடுத்த ஆண்டு வரவாக எழுதுவார், 26ஏஎஸ் படிவமோ இந்த ஆண்டுக்கணக்கில் காட்டும். இரண்டும் ஒத்துப்போகாதபோது துறையிலிருந்து நோட்டீஸ் வரலாம். அந்த டிடிஎஸ் தொகையை வரவு கணக்கிடப்படும் ஆண்டுக்குக் கொண்டுபோக விதி இடம் தருகிறது; ரிட்டனில் அதற்கான இடத்தில் குறிப்பிட்டாக வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவருக்கு எதிர்த் திசையில் சிக்கல். அங்கே யாரும் டிடிஎஸ் பிடிப்பதில்லை, முழுப் பணமும் கைக்கு வருகிறது. வரவு 30 லட்சம், லாபம் 15 லட்சம் என்றால் புதிய முறையில் வரி, செஸ்ஸோடு சேர்த்து 1,09,200 ரூபாய். 44ஏடிஏ-வில் வருபவர் இதை மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். 44ஏடிஏ, 44ஏடி இரண்டிலும் வராதவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணை. ஜூலையில் ரிட்டனோடு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் வட்டி 5,460 ரூபாய். கந்துவட்டி அளவுக்குக் கொடுமை இல்லை; ஆனாலும் தேதி தெரிந்திருந்தால் மிச்சமாகியிருக்கும் காசு.

ஜிஎஸ்டி கேட்கும் கேள்வி லாபத்தைப் பற்றியதல்ல, வரவைப் பற்றியது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகப் பதிவு அவசியம். வெளிநாட்டுக் கட்டணமும் இந்தக் கூட்டலில் சேரும். ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஒப்புறுதிக் கடிதம் ஒன்றை ஒவ்வொரு நிதியாண்டும் தளத்தில் பதிய வேண்டும். வரவே இல்லாத காலத்துக்கும் ரிட்டன் உண்டு. தாமதித்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய். உள்ளூர் வாடிக்கையாளரிடம் "எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்" என்று பேசி முடித்தவர், பதிவுக்குப் பிறகு 18 சதவீத விகிதத்தில் 15,254 ரூபாயைத் தன் பங்கிலிருந்து எடுத்துக் கட்ட நேரும். "ஜிஎஸ்டி தனி" என்று விலைப்புள்ளியிலேயே எழுதிவைப்பது வழக்கமாக வேண்டும்.

44ஏடிஏ பேரேடு கேட்பதில்லை. ஆனாலும் பில் எண், தேதி, தொகை, பிடித்த டிடிஎஸ், வாங்கிய ஜிஎஸ்டி, பணம் வந்த நாள் என்று ஆறு பத்தி போட்ட ஒரு தாளும், தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் இல்லாமல் மேலே சொன்ன எதையும் சரிபார்க்க வழியில்லை. மாநகராட்சி அல்லது ஊராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரியும் அந்தத் தாளில் ஒரு வரி பிடிக்கும். அரசியல் சாசனப்படி அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 44ஏடி, 44ஏடிஏ இரண்டும் அதில் 58-ஆம் பிரிவுக்குள் போய்விட்டன. "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" என்ற குழப்பம் நீங்கி "வரி ஆண்டு" என்ற ஒரே பெயர். 2025-26 வரவுக்கான ரிட்டனை மட்டும் பழைய சட்டத்தின் எண்களோடுதான் போட வேண்டும்.