வலையமைப்பின் விரைவும் அதனை அளக்கும் முறையும்

கணினி வலையமைப்பொன்றின் விரைவு யாது என வினவின், நம்மவருட் பெரும்பாலார் ஓர் எண்ணைக் கூறி அமைவர். இணைப்பை விற்போர் தம் விளம்பரத்தில் அச்சிட்ட எண் அது. நூறு என்றோ ஆயிரம் என்றோ நிற்கும். அவ்வெண் பொய்யன்று. ஆயின், வினவியவன் அறிய விரும்பிய பொருளுக்கு அது விடையாதல் அரிது. விரைவு என நாம் ஒரு சொல்லால் வழங்குவதனுள் இருவேறு பொருள்கள் அடங்கிக் கிடத்தலே இதற்குக் காரணம். அவற்றை வேறு பிரித்து அளத்தற்கு அறிஞர் ஆக்கிய சிறு கருவிகளைப் பற்றியும், அவை தரும் எண்களை எவ்வாறு பொருள்கொள்ளல் வேண்டும் என்பது பற்றியும் ஈண்டு ஆராய்வாம்.

தோட்டத்துக்கு நீர் இறைத்தலை நோக்குக. கிணற்றடியில் வாய்க்காலுட் பாய்ந்த நீர் கடைசிப் பாத்தியை அடைதற்கு ஒரு நேரம் செல்கின்றது. அது வாய்க்காலின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரத்தில் அப்பாத்திக்கு எத்துணை நீர் வந்து சேர்கின்றது என்பது வேறொன்று. அது பெரிதும் வாய்க்காலின் அகலத்தைப் பொறுத்தது. அகலத்தை இருமடங்காக்கியவன், முதல் நீர் பாதி நேரத்தில் வந்து சேரும் என எதிர்பார்த்தல் கூடாது. வலையமைப்பிலும் இஃதே நிலை. முன்னையதைத் தாமதம் என்றும், பின்னையதைத் தரவு வீதம் என்றும் வழங்குவாம். தாமதம் மில்லிசெக்கனால் அளக்கப்படும். தரவு வீதம் ஒரு செக்கனிற் செல்லும் பிற்றுக்களால் அளக்கப்படும். (பிற்று வேறு, பைற்று வேறு, எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்தது ஒரு பைற்று. விளம்பரம் பிற்றிலும், கோப்பை இறக்கும் மென்பொருள் பெரும்பாலும் பைற்றிலும் கணக்குக் காட்டுதலால், தமக்கு எட்டில் ஒரு பங்கே கிடைத்ததென்று வருந்துவோரும் உளர்.)

தாமதத்தை அளக்குங் கருவிகளுள் முதன்மையானது பிங். கட்டளை வரியில் அப்பெயரையும் எதிர்க்கணினியின் பெயரையும் எழுதுதலே இதனை இயக்கும் முறை. இதனை ஆக்கியவர் அமெரிக்க இராணுவத்தின் எறிபடையியல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர். 1983ஆம் ஆண்டு டிசெம்பரில், தம் வலையமைப்பு ஒழுங்கின்றி இயங்கக் கண்டு, அதன் காரணத்தை அறிதற்பொருட்டு ஒரு மாலைப்பொழுதில் ஏறக்குறைய ஆயிரம் வரிகளில் இதனை எழுதி முடித்தார். நீர்மூழ்கிகளைத் தேடுவோர் ஒலியலையை அனுப்பி அதன் எதிரொலிக்குச் செவிகொடுக்கும் முறையை நினைந்து, அவ்வொலியின் பெயரையே தம் கருவிக்கு இட்டார். எதிரொலி வேண்டும் சிறு பொதியொன்றை அனுப்புதல். மறுமுனை அதனைத் திருப்பி அனுப்புதல். சென்று மீண்ட நேரத்தைக் குறித்தல். இவ்வளவே இதன் தொழில். இவ்வெதிரொலிக்கான விதியை 1981ஆம் ஆண்டிலேயே ஜோன் பொஸ்ரல் வகுத்து வைத்திருந்தார்.

பிங் இறுதியில் மிகக் குறைந்த நேரம், சராசரி, மிகக் கூடிய நேரம் ஆகியவற்றைத் தரும். பலர் சராசரியை மட்டும் நோக்குவர். எம் கருத்தில், முதலில் நோக்கற்பாலது மிகக் குறைந்த நேரமே. ஏனெனில், பாதையில் எவ்வித நெரிசலும் இல்லாத வேளையில் நிகழ்வதை அதுவே காட்டுகின்றது. கண்ணாடி இழையினூடே ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் செல்லும். நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 5,570 கிலோமீற்றர். ஆகவே சென்று மீளுதற்குக் குறைந்தது 56 மில்லிசெக்கன் வேண்டும். கடலடி வடம் நேர்கோட்டிற் செல்லாமையால் நடைமுறையில் 70 மில்லிசெக்கன் அளவில் வருதல் இயல்பு. எவ்வளவு பொருள் செலவிட்டு எத்துணை அகன்ற இணைப்பை வாங்கினும் அந்த 56 என்னும் எல்லையைத் தாண்டிக் கீழே செல்லல் இயலாது. கூடிய நேரத்துக்கும் குறைந்த நேரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடோ, பொதிகள் எங்கோ வரிசையிற் காத்துக் கிடந்ததைக் காட்டுவது. அவ்வரிசையைப் பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

வழியில் எவ்விடத்திற் காலம் கழிகின்றது என்பதை அறிதற்கு உதவுவது ட்ரேஸ்ரூட். இது 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் என்பவரால் ஆக்கப்பட்டது. ஒவ்வொரு பொதியும் தான் கடக்கத்தக்க வழிப்படுத்திகளின் தொகையைத் தன்னுடன் சுமந்து செல்லும். ஒவ்வொரு வழிப்படுத்தியும் அத்தொகையில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமாயின் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவனுக்குச் செய்தி விடுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று எனத் தொகையை ஏற்றி அனுப்பினால், வழியிலுள்ளவை ஒவ்வொன்றாகத் தம்மை அறிவிக்கும். இக்கருவியைக் கையாள்வோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இடையிலுள்ள வழிப்படுத்தி ஒன்று மிகப் பெரிய எண்ணைக் காட்டி, அதற்கு அப்பாலுள்ளவை சிறிய எண்களைக் காட்டின், அங்கே குற்றம் உண்டென முடிவுசெய்தல் தவறு. பொதிகளைக் கடத்துவதே அதன் தலையாய தொழில். நமக்கு மறுமொழி கூறுவதை அது ஓய்ந்த வேளையிற் செய்யும். கூடிய எண் இறுதி வரை தொடர்ந்து நின்றாலன்றி அதனைப் பொருட்படுத்தவேண்டியதில்லை.

இனித் தரவு வீதத்துக்கு வருவாம். 1986ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிகழ்ந்த ஒன்று இங்கே அறியத்தக்கது. கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த தொலைவு 400 யார் மட்டுமே. அவற்றினிடையே செக்கனுக்கு 32,000 பிற்றுக்களாக இருந்த தரவு வீதம், திடீரென 40 பிற்றுக்களாக வீழ்ந்தது. வடம் அறுபடவில்லை, இயந்திரம் பழுதாகவுமில்லை. நெரிசலாற் பொதிகள் தொலைய, கணினிகள் அவற்றை மீண்டும் மீண்டும் அனுப்ப, அவ்வனுப்புதலே நெரிசலை மேலும் பெருக்கிற்று. இதன் காரணத்தை ஆராய்ந்து, தொடக்கத்திற் சிறிதாக அனுப்பி, இழப்புக் காணின் அடங்கும்படி ரி.சி.பி. நெறிமுறையைத் திருத்தியமைத்து, 1988இல் அதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவரும் மேற்கூறிய ஜேக்கப்சனே. தரவு வீதம் என்பது வடத்தின் தன்மை மட்டுமன்று, இரு முனைகளிலுமுள்ள கணினிகள் ஒழுகும் முறையினாலும் அமைவது என்னும் உண்மை இதனால் விளங்கும்.

தரவு வீதத்தை அளத்தற்கு 1984இல் மைக் மூஸும் ரெறி சிலாட்டறியும் ரி.ரி.சி.பி. என்னும் கருவியை ஆக்கினர். அதன் வழிவந்ததாகக் கொள்ளத்தக்கது இன்று பெருவழக்கிலுள்ள ஐபெர்ஃப். அதன் மூன்றாம் பதிப்பு, பழைய நிரலைத் தழுவாது புதிதாக எழுதப்பட்டு, அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் ஆராய்ச்சி வலையமைப்பினரால் 2014இல் வெளியிடப்பட்டது. ஒரு கணினியில் அதனைக் காத்திருக்கச் செய்து, மற்றதிலிருந்து அதனை அழைத்தல் வேண்டும். வேறு ஏவல் இல்லாதவிடத்துப் பத்துச் செக்கன்களுக்குத் தரவைப் பொழிந்து, செக்கன்தோறும் கணக்கைக் கூறும்.

செக்கனுக்கு ஆயிரம் மெகாபிற்று செல்லும் ஈதர்நெற் வடத்தால் இரு கணினிகளை இணைத்து அளந்தால், 941 என்னும் எண் வரக் காண்பீர்கள். எஞ்சிய 59 எங்கே சென்றது? ஒவ்வொரு பொதியினும் 1,500 பைற்றுக்கள் உண்டு. அவற்றுள் 52 முகவரி முதலிய தலைப்புச் செய்திகளுக்கு உரியன. மிகுந்த 1,448 பைற்றுக்களே நமது தரவு. பொதிக்கு வெளியே ஈதர்நெற் தன் தலைப்பு, முன்னோடிக் குறி, சரிபார்ப்பு எண், இரு பொதிகளுக்கிடையே விடும் இடைவெளி ஆகியவற்றுக்கென 38 பைற்றுக்களின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். 1,448ஐ 1,538ஆல் வகுப்பின் 0.9415 வரும். எனவே 941 பெற்றவர் முழுமையாகப் பெற்றவரே. உயர்வகுப்பு மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பது நன்று. கருவி கூறிய எண்ணும் காகிதத்திற் கண்ட எண்ணும் ஒத்துவருதல் பெரியதோர் இன்பம்.

தொலைவு கூடும்போது மற்றொரு தடை எழுகின்றது. தரவைப் பெற்றவன் "பெற்றேன்" எனச் சான்று அனுப்பும் வரையில் அனுப்பத்தக்க அளவுக்கு ரி.சி.பி. ஓர் எல்லை வைத்துள்ளது. அதனைச் சாளரம் என்பர். முதலில் வகுத்த விதிப்படி அதன் பேரெல்லை 65,535 பைற்றுக்கள். நியூயோர்க்குக்கும் இலண்டனுக்கும் இடையே 70 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை இவ்வளவே செல்லுமாயின், செக்கனுக்கு ஏறக்குறைய 7.5 மெகாபிற்றே தேறும். வடம் ஆயிரம் மெகாபிற்று கொள்ளத்தக்கதாயினும் அதுவே முடிவு. அதனை நிரப்ப வேண்டுமாயின் 87,50,000 பைற்றுக்கள் எந்நேரமும் வழியில் இருத்தல் வேண்டும். சாளரத்தை விரிக்கும் விதி 1992இல் திருத்தமுற வகுக்கப்பட்டது; இக்காலக் கணினிகள் இதனைத் தாமே செய்துகொள்ளும். எனினும் இடையிலுள்ள பழைய கருவியோ பிழையான அமைப்போ இதனைத் தடுத்தல் உண்டு. அதனை அறியும் வழி எளிது. ஐபெர்ஃபை முதலில் ஓர் ஓட்டமாகவும், பின்னர் எட்டு ஓட்டங்களாகவும் இயக்குக. எட்டும் சேர்ந்து எட்டு மடங்கு தருமாயின், குறை பெரும்பாலும் வடத்திலன்று, சாளரத்திலேயே என்று ஐயுறுதல் தகும்.

ஐபெர்ஃப் யு.டி.பி. நெறிமுறையாலும் அளக்க வல்லது. இழந்த பொதிகளின் வீதத்தையும், தாமதத்தின் ஏற்றத்தாழ்வையும் அப்போது கூறும். ஆயின், வீதத்தைக் குறிப்பிடாது இயக்கினால் மூன்றாம் பதிப்பு செக்கனுக்கு ஒரு மெகாபிற்றே அனுப்பும். அதைக் கண்டு இணைப்பு நலிந்துவிட்டதென அஞ்சவேண்டியதில்லை.

இவ்வளவும் அளந்த பின்னரும், நேரலை வகுப்பில் ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து கேட்பது ஏன் என்னும் வினா நிற்கின்றது. விளம்பர எண் உயர்ந்தது. பிங் தரும் எண்ணும் நல்லது. ஆயினும் வீட்டில் ஒருவர் நிழற்படங்களைப் பதிவேற்றத் தொடங்கியதும் குரல் சிதைகின்றது. உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருத்தல் நன்றென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வழிப்படுத்திகள் தம்மால் உடனே அனுப்ப இயலாத பொதிகளைத் தற்காலிக நினைவகத்தில் வரிசையாக நிறுத்துகின்றன. நினைவகம் மலிந்தமையால் அவ்வரிசை அளவுக்கு மிஞ்சி நீண்டது. இழப்பைக் கண்டாலன்றி ரி.சி.பி. அடங்காது, வரிசை நீண்டமையால் இழப்போ நேர்வதில்லை, எனவே வரிசை நிரம்பி வழியும் வரை அது பொழிந்துகொண்டே இருக்கும். 2010இல் ஜிம் கெற்றிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தம் வீட்டிணைப்பில், தரவை ஏற்றும் வேளையில், தாமதம் ஒரு செக்கனையும் தாண்டக் கண்டு இக்குறைபாட்டை உலகறியச் செய்தார்.

இதனைக் காணும் வழி, பிங்கையும் ஐபெர்ஃபையும் தனித்தனியே அன்றி ஒருங்கே இயக்குதலாகும். ஒரு திரையில் பிங் ஓடிக்கொண்டிருக்க, மறு திரையில் ஐபெர்ஃபைத் தொடங்குக. இருபதில் நின்ற எண் சில நூறுகளுக்கு ஏறுமாயின் நோய் வெளிப்பட்டுவிட்டது. இணைப்பு விற்போர் சார்பிலான அளவைகள் பலவும் ஓய்ந்த வடத்தின் தாமதத்தையும், நிரம்பிய வடத்தின் வீதத்தையும் வெவ்வேறு வேளைகளில் அளந்து அருகருகே அச்சிடுதலால் இந்நோய் அவற்றில் மறைந்துபோகின்றது. கதலீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012இல் இதற்கு மாற்றுக் கண்டனர். வரிசையின் நீளத்தை நோக்காது, அதனுள் ஒரு பொதி காத்திருந்த நேரத்தை நோக்கி, அது மிகும்போது பொதியைக் கைவிடும் முறை அது; கோடெல் எனப் பெயர் பெற்றது. இன்று வீட்டு வழிப்படுத்திகள் சிலவற்றில் இம்முறையின் வழிவந்தவை கிடைக்கின்றன. அதனை இயங்கச் செய்தற்கு வீதத்தை இணைப்பின் முழு அளவிலும் சற்றுக் குறைத்து வைத்தல் வேண்டும். அங்ஙனம் வைத்தபின் அளந்தால், ஐபெர்ஃப் காட்டும் எண் முன்னையிலும் சிறிது தாழ்ந்திருக்கும். பிங்கின் எண்ணோ, பதிவேற்றம் நடக்கும்போதும், இருபதை அடுத்தே நிற்கும்.