ஐஸ்கிரீம் கடையில் தொடங்கிய ஒரு குடும்பம்



ஒரு குடும்பம் பாடுபட்டு வளர்த்த சாப்பாட்டுக் கடை, அந்தக் குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமலேயே பிறர் கைக்குப் போய்விட முடியுமா? அவர்கள் அதை விற்கவில்லை, ஏலத்துக்கும் வரவில்லை, வாசலில் வாடிக்கைக்காரர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் கைமாற முடியும். இங்கிலாந்தில் ஃபோர்ட்டே என்ற இத்தாலியக் குடும்பத்துக்கு 1996ஆம் ஆண்டில் அதுதான் நேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கதையை இன்று பார்ப்போம்.

இத்தாலியின் தலைநகரான ரோமுக்குத் தென்கிழக்கே, மலைப் பகுதியில் காசலாத்திக்கோ என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே சமவெளி குறைவு. ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நிலமோ அதைவிடக் குறைவு. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்த வட்டாரத்து மக்கள் பிழைப்புத் தேடி வெளிநாடு போகத் தொடங்கினார்கள். முதலில் போனவர் ஒரு கடையைப் பிடிப்பார். பிறகு தம்பியை அழைப்பார், மைத்துனரை அழைப்பார், ஊர்க்காரரை அழைப்பார். இப்படித்தான் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பல ஊர்களில் இத்தாலியரின் ஐஸ்கிரீம் கடைகளும், மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடைகளும் தோன்றின.

மின்சாரக் குளிர்பெட்டி பரவாத அந்தக் காலத்தில் ஐஸ்கிரீம் எப்படிச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஒரு மர வாளி; அதற்குள் ஓர் உலோகப் பாத்திரம். பாத்திரத்தில் இனிப்புச் சேர்த்த பாலை ஊற்றுவார்கள். வாளிக்கும் பாத்திரத்துக்கும் இடையில் உடைத்த ஐஸ் கட்டியையும் கல் உப்பையும் கலந்து திணிப்பார்கள். வெறும் ஐஸ் கட்டியின் குளிர்ச்சி போதாது; சர்க்கரை கலந்த பால் அதில் உறையாது. உப்புச் சேர்ந்தால் குளிர்ச்சி இன்னும் கீழே இறங்கும்; பால் உறையத் தொடங்கும். கட்டி தட்டாமலிருக்க, கைப்பிடியை விடாமல் சுற்ற வேண்டும்; ஓரத்தில் ஒட்டுவதைச் சுரண்டி விட வேண்டும். இது தோள் கடுக்கும் வேலை. பெரும்பாலும் வீட்டாரே செய்தார்கள்.

கோடையில் ஐஸ்கிரீம் விற்கும். குளிர்காலத்தில் சூடான பானங்கள் விற்கும். இந்தக் கடைகளில் மது கிடையாது. ஆகவே இளைஞர்களும், பிள்ளைகளோடு வரும் குடும்பங்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். இரவு நெடுநேரம் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் திறப்பதைச் சமயப் பற்றுள்ள சிலர் கண்டித்தது உண்டு.

காசலாத்திக்கோவைச் சேர்ந்த மோர்த்தாலே என்ற சிற்றூரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் சார்ல்ஸ் ஃபோர்ட்டே. அவருடைய தந்தை ரோக்கோ, ஸ்காட்லாந்தின் அலோவா நகரத்தில் கடை வைத்திருந்தார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, சிறு பிள்ளையாக அங்கே போய்ச் சேர்ந்த சார்ல்ஸ், ஸ்காட்லாந்திலும் பிறகு ரோமிலும் படித்தார். அதன்பின் இங்கிலாந்தின் கடற்கரையோரத்தில் குடும்பத்தார் நடத்திய வியாபாரத்தில் தொழில் பழகினார்.

1935ஆம் ஆண்டு, தமது இருபத்தாறாம் வயதில், லண்டன் மாநகரின் மேல் ரீஜண்ட் தெருவில் ஒரு பால் கடையைத் திறந்தார். இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த புதுப் பழக்கம். நீண்ட மேடை, அதன் முன் உயரமான நாற்காலிகள், விதவிதமான சுவை சேர்த்துக் கலக்கிய பால். வந்தவர் விரைவாகப் பசியாறிவிட்டுப் போகலாம். வியாபாரம் பிடித்துக்கொண்டது. போர் தொடங்குமுன்னே மேலும் சில கடைகளைத் திறந்துவிட்டார்.

1940ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், இத்தாலி பிரிட்டன்மீது போர் தொடுத்தது. அன்றிரவே பல ஊர்களில் கும்பல்கள் கூடி இத்தாலியரின் கடைக் கண்ணாடிகளை உடைத்தன. நேற்றுவரை ஐஸ்கிரீம் வாங்கியவர்களுக்கு, இன்று கடைக்காரர் எதிரியாகிவிட்டார். பிரிட்டிஷ் குடியுரிமை பெறாத ஆண்கள் ஆயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் பலரைக் கனடாவுக்குக் கொண்டுசென்ற அரண்டோரா ஸ்டார் என்ற கப்பலை, ஜூலை 2ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் நானூறுக்கும் அதிகமானவர்கள் இத்தாலியர்கள். சார்ல்ஸ் ஃபோர்ட்டேயும் பிடிக்கப்பட்டு மான் தீவில் அடைக்கப்பட்டார். சுமார் மூன்று மாதங்களில் விடுதலையாகித் தம் கடைகளுக்குத் திரும்பினார்.

போருக்குப் பிறகு அவருடைய வளர்ச்சி வேகம் பிடித்தது. 1954ஆம் ஆண்டு, ரீஜண்ட் தெருவிலேயே புகழ்பெற்ற கஃபே ராயல் உணவகத்தை வாங்கினார். 1955இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் உணவு வழங்கும் பொறுப்பு கிடைத்தது. 1958இல் வால்டார்ஃப் ஹோட்டலை வாங்கினார். 1960இல் புதிய நெடுஞ்சாலை ஓரத்தில், நியூபோர்ட் பாக்னெல் என்ற இடத்தில் பயணிகள் உணவகம் திறந்தார். 1970ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் டிரஸ்ட் ஹவுசஸ் என்ற பெரிய ஹோட்டல் நிறுவனத்தோடு இணைந்தது. 1982இல் அவர் பிரபுவாக்கப்பட்டார்.

இவ்வளவு பெரிதாக வளர வீட்டுப் பணம் போதுமா? போதாது. ஆகவே நிறுவனத்தைப் பங்குகளாகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்றார்கள். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு நூறு பங்குகள் என்றும், பங்குக்கு ஓர் ஓட்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஐம்பத்தொரு பங்கை வைத்திருப்பவர் சொல்வதே அங்கு நடக்கும். வாசலில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது கணக்கில் வராது. நம் தோட்டப்புறத்துக்கும் இது புதிதல்ல. 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் பங்குகளை வாங்கியே குத்ரி தோட்ட நிறுவனத்தைச் சில மணி நேரத்தில் தன்வசப்படுத்தியது. தோட்டத்தில் அன்றும் வழக்கம்போல் பால் வெட்டினார்கள். முதலாளி மட்டும் மாறிவிட்டார்.

அதே 1981இல் ஃபோர்ட்டே நிறுவனம் லண்டனின் சவாய் ஹோட்டலை அடைய முயன்றது. நூற்றுக்கு அறுபத்தொன்பது பங்குகள் கைக்கு வந்தும் ஓட்டு நாற்பத்திரண்டுதான். ஏனெனில் சவாயில் இருவகைப் பங்குகள். பழைய உரிமையாளர் தரப்பிடம் இருந்தவற்றுக்கு ஓட்டு அதிகம். அந்த ஏற்பாடு அவர்களைக் காத்தது. ஃபோர்ட்டே குடும்பத்திடமோ தங்கள் நிறுவனத்தின் பங்குகள் கொஞ்சமே எஞ்சியிருந்தன.

1995ஆம் ஆண்டு நவம்பரில் கிரானடா என்ற நிறுவனம், ஃபோர்ட்டே பங்குகளுக்கு நல்ல விலை தருவதாக அறிவித்தது. அப்போது தலைமையில் இருந்தவர் சார்ல்சின் மகன். தாத்தாவின் பெயரைத் தாங்கிய ரோக்கோ. சாலையோர உணவகங்களை விற்றுப் பங்குதாரர்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லி அவர் போராடினார். ஆனால் பெரும் பங்குகளை வைத்திருந்த முதலீட்டு நிறுவனம் கிரானடா பக்கம் சாய்ந்தது. 1996 ஜனவரியில், ஏறத்தாழ 390 கோடி பவுனுக்கு நிறுவனம் கைமாறியது. பங்குகளுக்குரிய பணம் குடும்பத்துக்கும் கிடைத்தது. கடைகள் போயின, ஃபோர்ட்டே என்ற வியாபாரப் பெயரும் அவற்றோடு போயிற்று. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த சார்ல்ஸ் அதை உயிரோடிருந்து பார்த்தார்.

ரோக்கோவும் அவருடைய சகோதரி ஓல்காவும் அதே ஆண்டில் புதிய ஹோட்டல் தொழிலைத் தொடங்கினார்கள். குடும்பப் பெயரை முழுதாக வைக்க முடியாததால், அதன் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1997இல், தாத்தா கடை வைத்த ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரின் பால்மோரல் ஹோட்டலை வாங்கினார்கள். 2001இல் பெயர் திரும்பக் கிடைத்தது. சார்ல்ஸ் ஃபோர்ட்டே 2007ஆம் ஆண்டு, தமது 98ஆம் வயதில் காலமானார்.

2023ஆம் ஆண்டு, சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதி அந்தப் புதிய நிறுவனத்தில் பங்கு வாங்கியது. எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு நாற்பத்தொன்பது. பாதிக்கு மேல் குடும்பத்திடமே இருந்தது.

கூட்டுறவுக் கடையானாலும், நாலு பேர் சேர்ந்து போடும் ஒட்டுக்கடையானாலும், பணம் போடுமுன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இதில் யாருக்கு எத்தனை ஓட்டு?