மகப்பேற்றில் சிறுநீர்ப்பைப் பேணல்

பேற்று வலி தணிக்க முதுகெலும்பின் இடையே செலுத்தப்படும் 'எபிடியூரல்' மருந்து, வலியோடு சிறுநீர் முட்டும் உணர்வையும் மரக்கச் செய்துவிடுகிறது. பை நிரம்பியும் தாய் அறியாள். அளவு மீறி விரிந்தால் அதன் தசை தளர்ந்து, பேற்றுக்குப் பின்னும் நீர் தேங்கக்கூடும். ஆகவே சில மணிக்கொரு முறை செவிலியர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். தானாகப் பிரியாவிடில் மெல்லிய குழாயால் அகற்றுவர். அத்தகைய வெள்ளிக் குழாயை அஸ்ஸஹ்ராவி (இறப்பு 1013) தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் விவரித்துள்ளார். அரபியின் 'காஸாதீர்', இன்றைய 'கதீட்டர்' இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை.

எபிடியூரல் பெறாத தாய்க்கும் நிரம்பிய பை இடரே. அது குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கலாம். பின்னர் கருப்பையைச் சுருங்கவிடாது குருதிப்போக்கை மிகுவிக்கலாம். கொல்லிமலைப் பெரக்கரை நாட்டிலிருந்து காரவள்ளி வழியே இறங்குவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். புறப்படுமுன் சிறுநீர் கழித்தல் அவசியம். நாணத்தால் தாமே கேளாத பெண்கள் உண்டு; உடன் செல்வோர்தாம் நினைவூட்ட வேண்டும்.