பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது: அன்றும் இன்றும்

பியானோ ட்யூனர் வருகிறார் என்றால் அன்று வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. மேல்மூடியைக் கழற்றிவிட்டு, ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதருகே பிடிப்பார். 88 கட்டைகளுக்கு 220 கம்பிகளுக்குக் குறையாது. பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மும்மூன்று கம்பிகள் என்பதால், ஓரக் கம்பிகள் இரண்டையும் கம்பளிப் பட்டையால் அடக்கிவிட்டு, நடுக்கம்பியை மட்டும் சாவி போட்டுத் திருகுவார். திருகல் என்பதுகூட அதிகம். மணிக்கட்டு லேசாக அசையும், அவ்வளவுதான். இரண்டு ஸ்வரங்கள் சேரும்போது எழும் அலைவை எண்ணி எண்ணி, ஒவ்வொரு பஞ்சமத்தையும் இம்மியளவு குறைத்து வைப்பார்.

ஏன் குறைக்க வேண்டும்? சுத்தமான பஞ்சமமாகவே பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டி ஆரம்பித்த ஸ்வரத்துக்கே வந்து சேர வேண்டும். சேராது, சுமார் 23 சென்ட் கூடிவிடும். அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் என்பது கணக்கு. இந்த மிச்சத்தை எங்கே கரைப்பது என்று ஐரோப்பிய இசைக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மீன்டோன் முறையில் காந்தாரம் இனித்தது. ஆனால் ஒரு பஞ்சமம் ஓநாய் ஊளையிடுவதுபோல் ஒலித்தது. இசை அறிஞர் வெர்க்மைஸ்டர் 1691-ல் வேறு வழி சொன்னார். இசைமேதை பாக் தன் ஹார்ப்சிகார்டுக்குத் தானே கால் மணி நேரத்தில் சுருதி சேர்த்துவிடுவார் என்று அவருடைய வரலாற்றை 1802-ல் எழுதிய ஃபோர்கல் சொல்கிறார்.

பிறகு பியானோ பெருகியது. மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டார்கள். இதுதான் சமச் சுருதி. எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். ஸ்தாயியைத் தவிர எதுவும் முழுச் சுத்தமில்லை. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது இதைச் சட்டென்று பிடித்துவிடும். தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் 14 சென்ட் தூக்கல்.

இன்று இதெல்லாம் டிஜிட்டல் பியானோவின் மெனுவுக்குள் வந்துவிட்டது. ‘ஏ’ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸிலிருந்து 415-க்கு இறக்கினால் பரோக் இசைக்குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். வெர்க்மைஸ்டர், கிர்ன்பெர்கர், மீன்டோன், பித்தாகரஸ் முறைகள் எல்லாம் பல மாடல்களில் ஒரே பட்டியலில் நிற்கின்றன. மழைக்காலத்தில் மரப்பலகை ஊதிச் சுருதி ஏறும் தொல்லையும் இல்லை. ட்யூனரின் காது பெரிய சொத்து, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் மணிக்கணக்கில் செய்யும் வேலையை நொடியில் மாற்றி, மாற்றியதை உடனே திருப்பியும் கேட்க முடிவது, அன்று பாக்குக்கும் வாய்க்காத வசதி. அதைத் தொட்டுப் பார்க்காமலே கிரேடு பரீட்சைகளை முடித்துவிடும் பிள்ளைகளை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் பியானோவில் இருந்தால் ‘ப்யூர் மேஜர்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். அடிப்படைச் சுருதியை ‘ஸி’ என்று வையுங்கள். ஸி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அலைவே இல்லாமல் நிற்கும். அடுத்து டி-யையும் அதற்கு மேலுள்ள ஏ-யையும் அழுத்துங்கள். 22 சென்ட் குறைந்த பஞ்சமம் காதைக் கீறும். வேறு சுருதிக்குப் போகும்போது அடிப்படைச் சுருதியையும் மாற்ற மறக்காதீர்கள். கூட ஒரு கீபோர்டோ கிட்டாரோ சேர்ந்தால் சமச் சுருதிக்கே திரும்பிவிடுங்கள்.