பெயர் அச்சேறாத பியானோக் கலைஞர்

குறுந்தொகையிலே செம்மண் நிலத்திற் பெய்த மழைநீரை உவமையாகக் கொண்ட பாட்டு ஒன்று உண்டு. அதனைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. ஆயினும் அவர் ஆண்ட உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என அவருக்குப் பெயர் வழங்கினர் முன்னோர். பெயர் தெரியாவிடினும், ஆக்கியோன் ஒருவன் உளன் என்பதை மறவாத பண்பு அது. இதனை நான் வகுப்பிலே ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லி வருபவன்.

அவ்வாறு சொன்ன ஒரு நாளில் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, ஆங்கிலப் பாட்டுகளிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பாடியவர் பெயரை உலகமே அறியும்; பியானோ வாசித்தவர் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது" என்றான். றொக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் இயல்பினன் நான். எனினும் அவன் தந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். அம்மனிதரின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அவர் பெயர் நிக்கி ஹொப்கின்ஸ்.

ஹொப்கின்ஸ் 1944ஆம் ஆண்டு இலண்டனின் மேற்குப் புறத்திலுள்ள பெரிவேல் என்னும் இடத்திற் பிறந்தார். மூன்று வயதிலேயே பியானோவில் விரல் வைத்தவர். பின்னர் புலமைப் பரிசில் பெற்று, இலண்டன் றோயல் இசைக் கழகத்திலே மேனாட்டுச் செவ்விசையை முறையாகப் பயின்றார். பதினாறு வயதில் அக்கல்வியை இடையில் விடுத்து, றொக் இசைக் குழுவொன்றிற் சேர்ந்தார். 1962இல் சிறில் டேவிஸ் என்பாரின் குழுவிலே வாசிக்கலானார். புகழ் அரும்பும் வேளையில், 1963இல், குரோன் நோய் எனப்படும் கொடிய குடல்நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மருத்துவமனையிலே கிடந்தார். சத்திர சிகிச்சைகள் பல நிகழ்ந்தன. அவர் நலம்பெற்று வெளிவருமுன்னரே, 1964 சனவரியில், குழுத்தலைவர் டேவிஸ் காலமாகிவிட்டார்.

ஊர்தோறும் சென்று இரவிரவாக வாசிக்கும் உடல்வலி இனி இல்லை. ஆகவே ஒலிப்பதிவுக் கூடமே அவருக்குத் தொழிற்களமாயிற்று. அழைத்த நாளிற் சென்று, அழைத்தவர் பாட்டுக்கு வாசித்து, அன்றைய ஊதியத்தைப் பெற்று மீள்வது அத்தொழில். நம்மவர் வழக்கிற் சொல்வதாயின், இசைத்தட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தல் எனலாம். கிங்ஸ், த ஹூ, றோலிங் ஸ்ரோன்ஸ் ஆகிய குழுக்களின் பதிவுகளில் அவர் கைவண்ணம் உண்டு. பீற்றில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட 'றெவலூஷன்' என்னும் பாட்டில் மின்பியானோவை வாசித்தவர் அவரே. அக்குழு கலைந்தபின், அதன் உறுப்பினர் நால்வரும் தத்தம் தனிப் பதிவுகளுக்கு வெவ்வேறு காலங்களில் அவரை அழைத்தனர். உடல் இடந்தந்த வேளைகளில் மேடையும் ஏறினார். 1969இல் அமெரிக்காவின் வூட்ஸ்ரொக் பெருவிழாவிலே ஜெபர்சன் எயர்பிளேன் குழுவுடன் வாசித்தார்.

இனி, அவர் கலையின் திறத்தை நோக்குவோம். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'ஷீ இஸ் எ றெயின்போ' என்னும் பாட்டைக் கேட்பவர் நெஞ்சில் முதலிற் பதிவது பாடுவோன் குரலன்று, பியானோவின் ஓட்டமே. சிறு பிள்ளை படியேறி இறங்கி விளையாடுவதுபோன்ற அவ்வோட்டம் பாட்டு நெடுகிலும் மீண்டும் மீண்டும் வருகின்றது. அதனை நீக்கிவிட்டால் பாட்டின் முகமே அழிந்துபோம். ஜோன் லெனன் 1971இல் வெளியிட்ட 'ஜெலஸ் கை' என்னும் பாட்டோ இதற்கு மறுதலையானது. அங்கே பியானோ தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. பொறாமையால் வருந்தும் ஒருவன் தன் பிழையை ஒப்புக்கொள்ளுகையில், அருகில் அமர்ந்து ஆற்றும் நண்பனைப்போலத் தணிந்து பேசுகின்றது. முந்துமிடம் இது, ஒதுங்குமிடம் இது என அறிந்த விரல்கள் அவை. நல்ல உரையாசிரியன் மூலத்தோடு உடன்செல்லும் செலவும் இத்தகையதேயன்றோ?

ஆயினும் இசையுலகின் கணக்கேடு வேறுவிதமாக எழுதப்படுகின்றது. சொல்லையும் மெட்டையும் அமைத்தோரே பாட்டுக்கு உரியவராகப் பதிவாகின்றனர். இசைத்தட்டு விற்குந்தோறும், வானொலியில் ஒலிக்குந்தோறும், அவ்வுரிமைப் பணம் அவர்களையே சேர்கின்றது. அழைப்பிற்கு வந்து வாசித்தவருக்கோ, அன்றைய ஊதியத்தோடு கணக்கு முடிந்தது.

"வீடு கட்டிய மேசனுக்குக் கூலி கொடுத்தபின் வீட்டில் அவனுக்கு என்ன உரிமை?" என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் மேசன் பிறர் வரைந்த படத்தின்படி கட்டுபவன். ஹொப்கின்ஸ் போன்றோருக்குப் பலவேளைகளிற் கிடைத்தது மெட்டின் எலும்புக்கூடு மட்டுமே. அதற்குத் தசையும் குருதியும் கொடுத்தவர்கள் அவர்கள். கூலி கொடுத்தமையால் உழைப்புக்குரிய கடன் தீரலாம். கற்பனைக்குரிய கடன் தீருமோ?

1973இல் தம் பெயரிலேயே 'த ரின் மான் வோஸ் எ ட்றீமர்' என்னும் நீள்தட்டை அவர் வெளியிட்டார். பிறர் பாட்டுகளுக்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. குடியும் போதையும் சிலகாலம் அவரைப் பற்றின, அவற்றினின்றும் மீண்டார். குடல்நோய் மட்டும் விடவில்லை. 1994 செப்ரெம்பர் 6ஆம் நாள், அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே, ஐம்பதாவது வயதில் மறைந்தார். மறைந்து 31 ஆண்டுகள் கழிந்தபின், 2025இல், அமெரிக்காவிலுள்ள றொக் இசைப் புகழ் மண்டபம் அவரைத் தன் வரிசையிற் சேர்த்துக்கொண்டது. வாசித்தவரின் செவிக்கு எட்டாத கைதட்டல் அது.

பிறரைக் குறைகூறி இதனை முடித்தல் எனக்கு எளிது. நேர்மையாகாது. இருபது ஆண்டுகளின் முன், நான் கற்பித்த கல்லூரியிலே மாணவரைக் கொண்டு அரிச்சந்திர மயான காண்டத்தை மேடையேற்றினோம். ஆர்மோனியம் வாசிக்க ஊரிலுள்ள முதியவர் ஒருவர் வந்தார். ஆறு கிழமை, மாலைதோறும், சைக்கிளிலே வருவார். சுருதி விலகிய பிள்ளைகளைத் தம் விரலாலேயே இழுத்துப் பிடித்து நிறுத்தினார். நிகழ்ச்சி நிரலை எழுதியவன் நான். தலைவர் பெயர், நடிகர் பெயர், ஒலிபெருக்கி தந்தவர் பெயர் யாவும் அதில் இருந்தன. அவர் பெயர் இல்லை. வேண்டுமென்று விட்டேனல்லேன், நினைவிலே வரவில்லை. நினைவில் வராமையே பெரும் பிழை என்பதை அன்று அறிந்திலேன். அவர் அத்தாளை ஒருமுறை பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாடகம் நல்லாப் போச்சு, மாஸ்ரர்" என்று சொல்லிப் போனார். இன்று அவர் இல்லை.

ஹொப்கின்ஸின் வரலாற்றைப் படித்த இரவு, பழைய பெட்டியிலிருந்து அந்நிரலின் பிரதியொன்றைத் தேடி எடுத்தேன். நடிகர் பட்டியலின் கீழே, 'ஆர்மோனியம்' என்று பேனையால் எழுதி, எதிரே அவர் பெயரை எழுதினேன். காலங்கடந்த திருத்தமே. ஆயினும் ஆசிரியப் பணியிலுள்ளோர் இனி ஒரு நிரல் எழுதும்போது, அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை மேடையின் ஓரத்தையும் நோக்குவார்களாக.