மலையேறும் சினை ஊசி

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே ஓர் ஊரில் பசு ஒன்று காலையில் பருவ அறிகுறி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலைக்குள் சினை ஊசி போட வேண்டும். தவறினால் மீண்டும் ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு அத்தனை நாள் பாலும் தள்ளிப் போகும்.

உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி செல்சியசில், திரவ நைட்ரஜனுக்குள் கிடப்பவை. ஒன்றை எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து உருக்கி, உடனே செலுத்த வேண்டும். அடிவாரத்திலேயே உருக்கி எடுத்துப் போக முடியாது. ஆகவே நைட்ரஜன் கலமே மலையேறுகிறது!

இவ்வேலையைப் பெரும்பாலும் செய்பவர் கால்நடை ஆய்வாளர். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை; பள்ளிப் படிப்புக்குப் பின் பயிற்சி போதும். தடுப்பூசி போடுவதும் இவர் வேலைதான். ஆனால், கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தால்? மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகளை மட்டுமே இவர் செய்யலாம்.

மருத்துவராக விரும்பினால், 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரி போன்ற ஒன்றில் ஐந்தரை ஆண்டு பயில வேண்டும். ஆய்வாளர் பயிற்சி அதற்குக் குறுக்கு வழியன்று. பயிற்சி முடித்ததும் அரசு வேலை தானாக வந்துவிடாது. அறிவிப்பு வரும்வரை பால் கூட்டுறவுகளிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை தேடலாம்.