திரைக்குப் பின்னால் ஒரு குரல்

பார்த்து முடித்த சூப்பர் ஹீரோ படத்தை, எடுத்தவர்களின் பேச்சோடு இன்னொரு முறை பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? வசன ஒலியைத் தாழ்த்திவிட்டு, காட்சிக்குக் காட்சி இயக்குநரே விளக்கிச் சொல்லும் தனி ஒலித்தடம் பல டிவிடிகளில் உண்டு. 1984-இல் 'கிங் காங்' லேசர் டிஸ்க்கில் திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் பேசியதுதான் இதற்குத் தொடக்கம்.

2002-இல் வெளிவந்த 'ஸ்பைடர் மேன்' டிவிடியில் இயக்குநர் சாம் ரைமி, நாயகி கிர்ஸ்டன் டன்ஸ்ட், தொழில்நுட்பக் குழுவினர் எல்லாரும் பேசியிருக்கிறார்கள். பள்ளி உணவகக் காட்சி நினைவிருக்கிறதா? நாயகி மேரி ஜேன் வழுக்கி விழப்போவாள். நாயகன் பீட்டர் ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு கையால் தட்டைப் பிடிப்பான். பறந்த சாப்பாடு ஒவ்வொன்றாக அந்தத் தட்டிலேயே வந்து விழும். கணினி வேலை என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை என்கிறார்கள் அந்த ஒலித்தடத்தில். தட்டு நழுவாமலிருக்க, பீட்டராக நடித்த டோபி மக்வயரின் கையில் பசை தடவி, நிஜமாகவே எடுத்திருக்கிறார்கள். 156 டேக் ஆனதாம்! திரையில் வருவதோ சில நொடிகள்.

ஓடிடியில் இந்தப் பேச்சு பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழைய டிஸ்க் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெனுவில் ஆடியோ பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள்.